திறமை கொட்டிக் கிடந்தும் முழுசா வராம போன ஹெவிவெயிட் பாக்ஸர்கள் - உங்க கணக்குல யாரு?

விக்கி_90ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி தூக்கம் வராம ரிடிக் போவ் - ஹோலிஃபீல்ட் முதல் ஃபைட்ட திரும்ப முழுசா உக்காந்து பாத்தேன், 1992 நவம்பர்ல லாஸ் வேகாஸ்ல நடந்தது. பாத்து முடிச்சதுல இருந்து மனசு ஆறவே இல்ல, அதான் இந்தத் திரி.

ரிடிக் ஆறடி அஞ்சு அங்குல உயரம், அன்னிக்கி எடை 235 பவுண்ட், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 107 கிலோ. அவ்ளோ பெரிய உடம்பு இருக்கறவங்க பொதுவா தூரத்துல நின்னு நீளக் கைய வச்சு ஜாப் (முன்கைய நேரா நீட்டி விடற குத்து) போட்டே ஜெயிக்கப் பாப்பாங்க, எதிராளி உள்ள வந்துட்டா கட்டிப் புடிச்சுப்பாங்க. ரிடிக் அப்படி இல்ல. ஜாபும் அடிக்கறாரு, நெஞ்சோட நெஞ்சு ஒட்டி நிக்கும்போது ரெண்டு சாண் இடத்துக்குள்ள அப்பர்கட் (கீழ இருந்து மேல வர்ற குத்து) போடறாரு, விலாவுக்கு ஹூக் (பக்கவாட்டுக் குத்து) போடறாரு, எடை கம்மியான ஒரு மிடில்வெயிட் பண்ற வேலைய எல்லாம் இவ்ளோ பெரிய ஆளு பண்றத நான் வேற யார்கிட்டயும் பாத்ததில்ல. அந்த பத்தாவது ரவுண்ட் தெரியும்ல, முதல் பாதி முழுக்க ஹோலிஃபீல்ட போட்டு வாங்கறாரு, மனுஷன் இப்ப விழுவாரு அப்ப விழுவாருன்னு பாத்தா கடைசி ஒரு நிமிஷத்துல ஹோலிஃபீல்ட் திருப்பி அடிச்சு ரிடிக்க தடுமாற வைக்கறாரு. நான் எத்தனையோ தடவ பாத்தாச்சு, இன்னும் எந்திரிச்சு நின்னு தான் பாக்கறேன்.

அப்ப ரிடிக்குக்கு வயசு 25. தோல்வியே இல்ல. அந்த ஃபைட்ட ஜெயிச்சதுல மூணு உலக சாம்பியன் பெல்ட்டும் கையில. அடுத்த மாசமே லண்டன்ல பத்திரிகைக்காரங்க முன்னாடி அதுல ஒண்ணான டபிள்யூபிசி (உலக பாக்ஸிங் கவுன்சில்) பெல்ட்ட குப்பைத்தொட்டியில போட்டாரு, லெனாக்ஸ் லூயிஸ் கூட மோத வேண்டிய ஃபைட் அதோட போச்சு, அந்த பெல்ட் லூயிஸுக்கே போயிருச்சு. 1988 சியோல் ஒலிம்பிக்ஸ் ஃபைனல்ல அதே லூயிஸ்கிட்ட ரெண்டாவது ரவுண்ட்ல தோத்த கணக்கு வேற பாக்கி இருந்துச்சு, கடைசி வரைக்கும் அது தீரவே இல்ல. அப்புறம் டோக்ஸ், ஜெஸ்ஸி ஃபெர்குசன்னு ரெண்டு சுலபமான ஃபைட். ஹோலிஃபீல்ட் ரீமேட்சுக்கு வரும்போது எடை 246. தோல்வி. 43 ஜெயிச்சு ஒண்ணே ஒண்ணு தோத்த ரெக்கார்ட் தான், பேப்பர்ல பாத்தா சூப்பரா இருக்கும், ஆனா உலக சாம்பியனா இருந்தது ஒரு வருஷத்துக்கும் கம்மி. பத்து வருஷம் ஆண்டிருக்க வேண்டிய ஆளு.

இவரை விட பெரிய திறமை இருந்து இவரை விட கம்மியா முடிஞ்ச ஹெவிவெயிட் யாராவது உண்டா? பேரு மட்டும் போடாதீங்க, ஏன்னு காரணத்தோட எழுதுங்க ப்ளீஸ்.

---

சவுத்பா_செந்தில்:

யோசிக்கவே வேணாம், பஸ்டர் டக்ளஸ். 1990 பிப்ரவரி 11 டோக்கியோல டைசன அடிச்ச அந்த ஒரு ராத்திரி ஆடின ஆட்டத்த அவரு வாழ்க்கை முழுக்க ஆடியிருந்தா எவனும் கிட்டயே வந்திருக்க முடியாது. எட்டே மாசத்துல ஹோலிஃபீல்ட் கிட்ட மூணாவது ரவுண்ட்ல படுத்துட்டாரு, எடை 246, டோக்கியோவ விட ஏறக்குறைய 15 பவுண்ட் அதிகம். சம்பளம் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல. சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்ல.

---

பழைய_ரிங்சைடு:

தம்பி விக்கி, நல்ல திரி ஆரம்பிச்சிருக்கீங்க. ஆனா ரிடிக்குக்கு முன்னாடி ஒரு பத்து வருஷம் பின்னாடி போகணும். திறமை வீணாப் போன கதைன்னா அது 1980கள் தான், ஒரு ஆள் ரெண்டு ஆள் இல்ல, ஒரு தலைமுறையே போச்சு.

டபிள்யூபிஏ (உலக பாக்ஸிங் சங்கம்) பெல்ட் யார் யார் கைக்கு போச்சுன்னு மட்டும் பாருங்க, கதை புரிஞ்சிரும். 1982 டிசம்பர்ல மைக்கேல் டோக்ஸ் 63 செகண்ட்ல மைக் வீவர முடிச்சு வாங்கறாரு. 1983ல கெர்ரி கூட்ஸி கிட்ட போகுது. 1984 டிசம்பர்ல கிரெக் பேஜ். 1985 ஏப்ரல்ல டோனி டப்ஸ். 1986 ஜனவரில டிம் விதர்ஸ்பூன். அதே வருஷம் டிசம்பர்ல போன்க்ரஷர் ஸ்மித், அதுவும் முதல் ரவுண்ட்லயே. 1987 மார்ச்ல டைசன். கூட்ஸி, பேஜ், டப்ஸ், ஸ்மித் நாலு பேரும் வாங்கின பெல்ட்ட ஒரு தடவ கூட காப்பாத்தல, முதல் டிஃபென்ஸ்லயே விட்டுட்டாங்க. இவங்க எல்லாம் சுமாரான ஆளுங்கன்னு நினைச்சா தப்பு. டோக்ஸ் கை வேகம் அந்த எடைக்கு நம்பவே முடியாது. டப்ஸ் குண்டா இருப்பாரே தவிர கால் அசைவு பாத்தா அழகா இருக்கும். பிங்க்லன் தாமஸ் ஜாப் மாதிரி ஒரு ஜாப் சாம்பியன் லாரி ஹோம்ஸுக்கு அடுத்து அந்தக் காலத்துல யார்கிட்டயும் கிடையாது.

இதுல என் மனசுக்கு நெருக்கமானவரு கிரெக் பேஜ். லூயிவில்காரரு, முகமது அலி பொறந்த அதே ஊரு, சின்ன வயசுலயே அலி கூட ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) பண்ணவரு. (1980ல அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல எக்ஸிபிஷன் ஆடினப்ப எங்கப்பா என்னை தோள்ல தூக்கி வச்சு காட்டினாரு, அன்னிக்கி கூட ஆடின ஜிம்மி எல்லிஸும் லூயிவில் தான், அதனால அந்த ஊருன்னாலே எனக்கு ஒரு இது.) பேஜ் ஹெவிவெயிட் உடம்போட அலி மாதிரியே மிதப்பாரு, தோள ஆட்டி ஆட்டி அடி வாங்காம நழுவுவாரு. அடுத்த அலின்னே பேசினாங்க. ஆனா ட்ரெயினிங் வந்தா வயிறு தெரியும். 1984ல தொடர்ந்து ரெண்டு ஃபைட் தோத்துட்டு அதுக்கப்புறம் தான் சன் சிட்டில கூட்ஸிய எட்டாவது ரவுண்ட்ல நாக்அவுட் பண்ணி சாம்பியன் ஆனாரு, அஞ்சு மாசம் கூட பெல்ட் நிக்கல.

1986 ஜனவரி 17, அட்லாண்டா. மெயின் ஃபைட் டப்ஸ் - விதர்ஸ்பூன். அதுக்கு முன்னாடி அண்டர்கார்டுல பேஜும் பஸ்டர் டக்ளஸும், டக்ளஸ் பாயிண்ட்ஸ்ல ஜெயிச்சாரு. ஒரே ராத்திரி, ஒரே ரிங், நாலு பேரும் ஒரு காலத்துலயோ பின்னாடியோ உலக சாம்பியன். நாலு பேருமே தன்னோட முழு அளவுக்கு வரல. எனக்கு அந்த ராத்திரி மேல ஒரு தனி துக்கம் உண்டு.

சோம்பேறித்தனம்னு செந்தில் சொல்றாரு, பாதி சரி. கொக்கெய்னும் ஒரு பக்கம் தின்னுச்சு, டோக்ஸ் அதுலயே அழிஞ்சாரு. ஆனா காசு விஷயத்தையும் பாக்கணும். ப்ரமோட்டர் டான் கிங், மேனேஜர் அவரு புள்ள கார்ல் கிங். ப்ரமோட்டர்கிட்ட பாக்ஸருக்காக பேரம் பேச வேண்டியவரு மேனேஜர், அப்பாகிட்ட புள்ள என்ன பேரம் பேசுவாரு? 1986ல விதர்ஸ்பூன் லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல ஃபிராங்க் ப்ரூனோவ அவரு ஊருக்கே போய் 11வது ரவுண்ட்ல அடிச்சாரு. சாம்பியன் கைக்கு கடைசில வந்தது ஏறக்குறைய 90,000 டாலர், தோத்த ப்ரூனோவுக்கு அதை விட பல மடங்கு. அப்புறம் விதர்ஸ்பூன் டான் கிங் மேல கேஸ் போட்டாரு, 1992 வாக்குல செட்டில்மெண்ட் ஆச்சு, ஆனா நல்ல வயசு திரும்பி வருமா? உலக சாம்பியனா இருந்தும் கையில ஒண்ணும் நிக்கலன்னா காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓட யாருக்கு மனசு வரும், நீங்களே சொல்லுங்க.

பேஜோட முடிவ எழுத கை வரல, இருந்தாலும் எழுதறேன். 2001 மார்ச், வயசு 42, கென்டக்கில எர்லாங்கர்ங்கற சின்ன ஊர்ல 1,500 டாலருக்கு ஒரு ஃபைட். பத்தாவது ரவுண்ட்ல விழுந்தாரு. ஆம்புலன்ஸ் கிடையாது, ஆக்ஸிஜன் கிடையாது. மூளையில ரத்தக்கசிவு, ஆபரேஷன் அப்போ ஸ்ட்ரோக், இடது பக்கம் செயலிழந்து எட்டு வருஷம் கிடந்து 2009ல செத்தாரு. அவரும் அவரு மனைவியும் போட்ட கேஸுக்கு அப்புறம் தான் அந்த மாநிலத்துல ரிங் பாதுகாப்பு விதிகள மாத்தினாங்க.

---

மிட்நைட்_ஜாப்:

டக்ளஸ சோம்பேறின்னு ஒரே வார்த்தைல முடிச்சது எனக்கு ஒத்துக்கல செந்தில் ப்ரோ. டோக்கியோ ஃபைட்டுக்கு மூணு வாரத்துக்கு முன்னாடி அவங்க அம்மா செத்துட்டாங்க. என் புள்ள டைசன அடிப்பான்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருந்த அம்மா. டக்ளஸ் தோப்பாருன்னு 42க்கு 1ன்னு பந்தயம் போன ஃபைட். எட்டாவது ரவுண்ட்ல டைசனோட அப்பர்கட் வாங்கி விழுந்து, எந்திரிச்சு, ரெண்டு ரவுண்ட் கழிச்சு அவரையே படுக்க வச்சாரு. அது அம்மாவுக்காக ஆடினது, அந்த வெறி ஒரு தடவ தான் வரும், அடுத்த ஃபைட்டுக்கு அதை எங்க இருந்து கொண்டு வர்றது?

அவங்க அப்பா பில்லி டக்ளஸ் நல்ல மிடில்வெயிட், ரிங்ல பயங்கர முரட்டு ஆளு. புள்ளைக்கு பாஸ்கெட்பால் மேல தான் ஆசை. பாக்ஸிங் அவரு மனசார தேடிப் போன தொழில் மாதிரி எனக்கு தோணல, குடும்பத் தொழில் மாதிரி வந்து சேர்ந்தது. 1987ல டோனி டக்கர் கூட டைட்டில் ஃபைட்ட பாருங்க, ஒன்பது ரவுண்ட் நல்லா ஆடிட்டு பத்தாவதுல டக்குன்னு கைய விட்டுட்டாரு. அப்பவும் அதே ஆளு தான், அதே கை தான்.

அப்புறம் ஒண்ணு, பேஜ் பத்தி அண்ணன் எழுதினாருல்ல, அதுல ஒரு விஷயம் சேத்துக்கோங்க. டோக்கியோல டைசனுக்கு ஸ்பாரிங் பார்ட்னரா போனது அதே பேஜ் தான். ஃபைட்டுக்கு சில வாரம் முன்னாடி எல்லாரும் பாத்துட்டு இருக்கும்போதே ஸ்பாரிங்ல டைசன கீழ தள்ளினாரு. அப்பயே யாராவது கவனிச்சிருக்கலாம். டக்ளஸ் அந்த பேஜையே நாலு வருஷத்துக்கு முன்னாடி ஜெயிச்சவரு.

---

கயல்:

யாருமே ஐக் இபேபுச்சி பேர் எடுக்கலையே. நைஜீரியாக்காரர், டல்லாஸ்ல இருந்து ஆடினவர். 1997 ஜூன்ல சாக்ரமெண்டோல டேவிட் துவா கூட ஆடின ஃபைட் இருக்கே, ரெண்டு பேரும் சேர்ந்து 12 ரவுண்ட்ல 1,730 குத்து விட்டாங்க, ஹெவிவெயிட்ல அதுவரைக்கும் எண்ணினதுலயே அது தான் உச்சம், ஐக் மட்டும் 975. துவாவோட இடது ஹூக்க நேருக்கு நேரா வாங்கிட்டு பின்னாடி ஒரு அடி கூட எடுத்து வைக்காத ஆளு. 1999ல கிறிஸ் பைர்ட், யாருமே சரியா தொட முடியாத அந்த பைர்ட அஞ்சாவது ரவுண்ட்ல முடிச்சாரு. 20 ஃபைட், 20 வெற்றி. லூயிஸுக்கும் ஹோலிஃபீல்டுக்கும் அடுத்து இவர் தான்னு நின்ன நேரம்.

ஆனா இவரைப் பத்தி பேசும்போது "ஐயோ திறமை வீணாப் போச்சே"ன்னு மட்டும் எழுதறத படிச்சா எனக்கு கோவம் வரும். துவா ஃபைட் முடிஞ்ச ரெண்டு மூணு மாசத்துல பழைய தோழியோட 15 வயசு பையன கார்ல கூட்டிட்டு போய் கான்கிரீட் தூண்ல கொண்டு போய் இடிச்சாரு, அந்த பையன் அதுக்கப்புறம் பழையபடி நடக்கவே இல்ல. 1999ல லாஸ் வேகாஸ் ஹோட்டல்ல ஒரு பொண்ண தாக்கினதுக்கு அரெஸ்ட், 5ல இருந்து 30 வருஷம்னு தண்டனை. மனநோய் இருந்துச்சுன்னு டாக்டர்கள் சொன்னாங்க, அது உண்மை தான், கார் விஷயத்துக்கு அப்புறமாவது சரியா வைத்தியம் பாத்திருக்கணும். பதிலா மறுபடி ஜிம்முக்கு அனுப்பினாங்க, ஏன்னா ஜெயிச்சிட்டு இருந்தாரு, அடுத்த ஃபைட்டுக்கு காசு பேசிட்டு இருந்தாங்க. அதுக்கு விலை கொடுத்தது ஒரு பையனும் ஒரு பொண்ணும். அவங்களையும் சேத்து தான் நான் கணக்கு பாக்கறேன்.

விக்கி, ரிடிக் கதையும் அப்படித்தான் முடிஞ்சுதுன்னு உங்களுக்கு தெரியும், நீங்க அதை எழுதல.

---

விக்கி_90ஸ்:

கயல் சொல்றது சரி, நான் அதை விட்டுட்டேன், எழுதியிருக்கணும். 1998ல பிரிஞ்சு போன மனைவியையும் அஞ்சு குழந்தைங்களையும் வட கரோலினால இருந்து கடத்திட்டு போனதுக்கு ரிடிக் ஜெயில்ல இருந்தாரு. கோர்ட்ல அவரு வக்கீல்கள் மூளை பாதிப்புன்னு தான் வாதாடினாங்க.

அதை யோசிச்சிட்டு ஆண்ட்ரூ கொலோட்டா ஃபைட் ரெண்டையும் இன்னிக்கு பாத்தேன். 1996 ஜூலை மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல 252 பவுண்டோட வந்து நிக்கறாரு, முன்னாடி இருந்த தலை அசைவு சுத்தமா இல்ல, ஜாப் எல்லாம் முகத்துல வந்து விழுது. கொலோட்டா பாயிண்ட்ஸ்ல முன்னாடி இருந்தும் இடுப்புக்கு கீழ அடிச்சு அடிச்சு ஏழாவது ரவுண்ட்ல டிஸ்குவாலிஃபை ஆனாரு, ரிங்குக்குள்ளயே கலவரம். (கொலோட்டாவும் இந்த லிஸ்ட்ல வரணும், ரெண்டு ஃபைட்டையும் ஜெயிச்சிட்டு இருக்கும்போது அதே தப்ப பண்ணி தூக்கிக் கொடுத்தவரு, ரெண்டாவது தடவ ஏன் பண்ணாருன்னு எனக்கு இன்னிக்கும் புரியல.) டிசம்பர்ல ரீமேட்ச், ரிடிக் எடைய 235க்கு கொண்டு வந்தாரு, ஆனா உடம்புல ஒண்ணும் மிச்சம் இல்ல, ரெண்டு தடவ விழுந்தாரு. முடிஞ்சதும் பேட்டி கொடுக்கறாரு பாருங்க, வார்த்தை குழறுது. 29 வயசு தான். என்னால முழுசா கேக்க முடியல, ஆஃப் பண்ணிட்டேன்.

நேத்து ராத்திரி எழுதும்போது எனக்கு ரிடிக்கோட ட்ரெயினர் எட்டி ஃபட்ச் ஞாபகமே இருந்துச்சு. சியோல்ல தோத்துட்டு வந்த ரிடிக்க யாரும் சீண்டல, மனசு விட்டுருவான்னு பேரு. 80 வயச நெருங்கிட்டு இருந்த ஃபட்ச், ஃப்ரேசியரையும் நார்டனையும் ஹோம்ஸையும் பழக்கினவரு, இவரை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை வச்சாரு. ரீனோ மலைப் பக்கம் காலைல ஓடு, நான் ஊர்ல இருக்க மாட்டேன்னு சொல்லிட்டு, விடியறதுக்கு முன்னாடி வழியில மறைஞ்சு நின்னு பாத்தாரு. இருட்டுல ஒத்தை ஆளா ரிடிக் மேட்டுல மூச்சு வாங்க ஓடி வந்தாரு. யாரும் பாக்காதப்பவும் ஓடின பையன் தான் அவரு. அதே ஃபட்ச் முதல் கொலோட்டா ஃபைட்டுக்கு அப்புறம் விலகிட்டாரு. அந்த பையன் எங்க போனான்னு தான் என் கேள்வியே.

---

சவுத்பா_செந்தில்:

மிட்நைட் ப்ரோ, அம்மா விஷயம் எனக்கு தெரியும் ஆனா நான் அதை இந்த கோணத்துல யோசிக்கல, சோம்பேறின்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். 1994ல டயாபெட்டிக் கோமால போய் பொழச்சு திரும்ப ரிங்குக்கே வந்தவரு வேற.

ஆனா ஆண்டி ரூயிஸ் விஷயத்துல நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். 2019 ஜூன்ல சாம்பியன் ஆண்டனி ஜோஷுவாவ நாலு தடவ கீழ தள்ளி மூணு பெல்ட் எல்லாம் வாங்கிட்டு, ஆறே மாசத்துல சவூதில ரீமேட்சுக்கு 283 பவுண்டோட வந்தாரு, முதல் ஃபைட்ட விட 15 அதிகம். பார்ட்டி பண்ணிட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. அந்த கை வேகம் கடவுள் கொடுத்தது, அதை இப்படியா வச்சுக்கறது.

---

மிட்நைட்_ஜாப்:

ரூயிஸ் சரி, அது ஏத்துக்கறேன். ஆலிவர் மெக்கால் பேரையும் யாராவது எழுதுங்க. 1994ல வெம்ப்ளில லூயிஸ ரெண்டாவது ரவுண்ட்ல ஒரே வலது கையில சாய்ச்சவரு. 1997 ரீமேட்ச்ல ரிங்குக்குள்ளயே அழுதுட்டு கைய தொங்கப் போட்டுட்டு நடந்துட்டு இருந்தாரு, அடிக்கவே மாட்டேன்னுட்டாரு, அஞ்சாவது ரவுண்ட்ல ரெஃப்ரி நிறுத்தினாரு. போதை மருந்து பழக்கத்துல இருந்து மீள முடியாம சிகிச்சைல இருந்த ஆள அந்த நேரத்துல ரிங்ல ஏத்தினதே தப்பு.

---

விக்கி_90ஸ்:

ரிங்சைடு அண்ணே, பேஜ் ஃபைட் நான் ஒண்ணு கூட பாத்ததில்ல. எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?

---

பழைய_ரிங்சைடு:

1983 மே 20, லாஸ் வேகாஸ், டூன்ஸ் ஹோட்டல் தம்பி. ஒரே கார்டுல பேஜ் - ரெனால்டோ ஸ்னைப்ஸ், டோக்ஸ் - வீவர் ரீமேட்ச், ஹோம்ஸ் - விதர்ஸ்பூன். முதல்ல பேஜ பாத்துருங்க. அப்புறம் ஹோம்ஸ் - விதர்ஸ்பூன் ஒன்பதாவது ரவுண்ட், வெறும் 15 ஃபைட் ஆடின பையன் ஹோம்ஸ கயித்துல சாச்சு வச்சு அடிக்கறான், ஹோம்ஸ் எப்படி தாங்கினாருன்னே தெரியாது. தீர்ப்பு ஸ்ப்ளிட் டிசிஷன்ல (மூணு ஜட்ஜ்ல ரெண்டு பேரு ஒரு பக்கம், ஒருத்தர் எதிர்ப்பக்கம்) ஹோம்ஸுக்கு போச்சு, நீங்க தனியா மார்க் போட்டு பாருங்க. எனக்கு விதர்ஸ்பூன் ஒரு ரவுண்ட் முன்னாடி.